மூடியோடு மூன்று படங்கள்

இன்று காலை உன் கேமராவுக்குப் பேட்டரி மாற்றினேன். அதன் அடித்தகட்டை முழுதாகக் கழற்றினால்தான் பேட்டரி வெளியே வரும். ஒரு கையில் கேமரா, மறு கையில் புதுப் பேட்டரி. கழற்றிய தகட்டை வைத்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. யோசிக்காமல் பல்லில் கடித்துக்கொண்டேன். பித்தளைச் சுவை நாக்கில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். நீயும் இதே மாதிரி தகட்டை வாயில் கவ்விக்கொண்டு, பேச முடியாமல், கண்ணாலேயே "இரு, இரு" என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

என் கணவர் சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியே தங்கச்சி மாதிரியே இருக்க," என்றார். உன்னை அவர் இன்றும் தங்கச்சி என்றுதான் சொல்கிறார்.

நீ போய் ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கேமரா என்னிடம் நன்றாக இருக்கிறது. நன்றாக என்றால், அதன் எல்லாக் குறைகளோடும்.

முதன்முதலில் அதை என் வீட்டுச் சமையலறைக்குக் கொண்டு வந்தாயே, அந்தச் சனிக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். செனாயில் நாம் வேலை பார்த்த தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மாறிப்போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பத்தொன்பது வருஷம் தம்போயிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போய் வந்தவர்கள் நாம். நான் கியூசி, தரம் பார்க்கிறவள். நீ பேக்கிங் வரிசையின் லீடர். நான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற பெட்டிகளை உன் ஆட்கள் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். அதனால் பகல் முழுக்க நமக்குள் சண்டை. சாயங்காலம் பஸ்ஸில் ஒரே பொட்டலத்திலிருந்து பிசாங் கோரெங், அந்தப் பொரித்த வாழைப்பழம்.

ஆலையை மூடியபோது எல்லாருக்கும் இழப்பீடு கொடுத்தார்கள். நான் வீட்டுக் கூரையை மாற்றினேன். நீ எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், யாரோ வைத்திருந்து விற்ற இந்தக் கேமராவை வாங்கி வந்தாய். என் மேசையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்தாய். கறுப்பாக, சின்னதாக, கனமாக இருந்தது. விலையைக் கேட்டேன். சொன்னாய். அந்த விலைக்கு நல்லபடியாக ஓடுகிற ஒரு பழைய காரே கிடைக்கும்.

"அலமாக்! உனக்குப் பைத்தியமா?" என்றேன்.

"இல்ல தேவி. ரொம்ப வருஷமா யோசிச்சுத்தான் வாங்கினேன்."

"இதுல என்ன இருக்கு? ஃபோன்ல எடுத்தா போதாதா?"

"ஃபோனுக்கு நான் தேவையில்லையே," என்றாய்.

எனக்குப் புரியவில்லை. புரியாததைப் பரிசோதிப்பதுதான் என் தொழில். நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் குறைகளை எழுத ஆரம்பித்தேன். நீ ஒவ்வொன்றாக இயக்கிக் காட்டினாய். நான் எழுதிக்கொண்டே போனேன். தானாக ஃபோகஸ் செய்யாது. முகத்துக்குக் கிட்டப் போய் எடுக்க முடியாது, எட்டியே நிற்க வேண்டும். வீடியோ கிடையாது. மழைத்துளி பட்டால் பயம். பிடித்துக்கொள்ள ஒரு மேடுகூட இல்லை, ஈரச் சோப்பு மாதிரி வழுக்கும். பார்க்கிற கண்ணாடியில் தெரியும் கட்டமும் படத்தில் விழுகிற எல்லையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும். தொடர்ந்து நாலைந்து படம் எடுத்தால் மூச்சு வாங்கும், சில சமயம் உறைந்தே போய்விடும், பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் உயிர் வரும். கடைசியாக ஒன்று: லென்ஸ் வழியாகப் பார்க்காமல் மூலையில் உள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்ப்பதால், லென்ஸ் மூடியைக் கழற்றாமலே நாள் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஜன்னலில் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும்.

"எட்டுக் குறை," என்றேன். "நம்ம லைன்ல இது வந்திருந்தா பெட்டிய மூடவே விட்டிருக்க மாட்டேன்."

நீ தாளை வாங்கி நிதானமாகப் படித்தாய். ஒன்றைக்கூட மறுக்கவில்லை. பேனாவை வாங்கி அடியில் ஒரே சொல் எழுதினாய்: வேவர்.

அந்தச் சொல்லை எனக்கே நீ காட்டியதுதான் எனக்குக் கோபம். குறை இருக்கிறது, ஆனாலும் அந்தப் பொருளை அப்படியே வாங்கிக்கொள்ள வாடிக்கையாளர் சம்மதிக்கிறார் என்று கையெழுத்து வாங்குவோமே, அதுதான் வேவர். என் வேலைக்காலம் முழுவதும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட வாடிக்கையாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"கஸ்டமர் யாரு?" என்றேன்.

"நான்தான் லா," என்றாய்.

அப்புறம் கேமராவை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுப்பு, கூஜா, நீ. நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் மட்டும் நீ இரண்டாகத் தெரிந்தாய். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி என்றாய். திருப்பினேன், இரண்டு மூக்கும் நகர்ந்து வந்து ஒரு மூக்காயின. கட்டத்துக்கு வெளியேயும் பார்க்க முடிந்தது. என் மகள் கவிதா வாசலிலிருந்து வருவது, படத்துக்குள் வருமுன்பே எனக்குத் தெரிந்தது.

"பத்தொன்பது வருஷம் மெஷின் சொன்ன வேகத்துல கைய ஆட்டினேன்," என்றாய். "இது ஒண்ணுதான் நான் சொல்ற வேகத்துல நடக்குது. அதுக்குத்தான்."

அது நல்ல பதில் என்று இப்போது சொல்கிறேன். அன்று சொல்லவில்லை. கூரையைப் பற்றிப் பேச்சை மாற்றினேன்.

கவிதாவின் நிச்சயதார்த்தத்துக்கு உன்னைத்தான் படம் எடுக்கச் சொன்னேன். வேறு ஆள் வைக்கவில்லை. அதற்குள் நீ அண்டை வீட்டுக்காரர்கள், தேவாலயத்தில் பாடுகிறவர்கள், பேருந்து நிலையத்தில் காத்திருப்பவர்கள் என்று நிறைய எடுத்திருந்தாய். படங்கள் எனக்குப் பிடித்திருந்தன. மோதிரம் மாற்றும் நேரம். மாப்பிள்ளை கவிதாவின் கையைப் பிடித்தார். நீ முன்னால் மண்டியிட்டிருந்தாய். நாலு படம் எடுத்திருப்பாய், கேமரா உறைந்துபோனது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது நீ தகட்டை வாயில் கவ்விக்கொண்டு பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாய். மோதிரம் விரலில் ஏறி முடிந்திருந்தது.

"இன்னொரு தடவ போடச் சொல்லலாமா?" என்று தகட்டை எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாய்.

சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியவில்லை. "மோதிரத்த கழட்டி மாட்டச் சொல்லுவியா? இந்தப் பொட்டியும் ரிஜெக்ட், இத வாங்கின நீயும் ரிஜெக்ட்!" என்று கத்தினேன்.

நீ பேட்டரியை மாட்டித் தகட்டை மூடினாய். மீதி நிகழ்ச்சியை முழுதும் எடுத்தாய். படங்களை மறுநாளே அனுப்பினாய். அதற்குப் பிறகு மூன்று மாதம் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. மோதிரம் மாற்றிய படம் உறவுக்காரர் ஒருவர் ஃபோனில் எடுத்ததுதான் இருக்கிறது. அதில் பாதியை யாரோ ஒருவரின் தோள் மறைக்கிறது. அந்தத் தோளைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேல் கோபம் வரும். கொஞ்ச நேரத்தில் என்மேல் வரும்.

பிறகு என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், ஒரு காலையில் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இடது கை, இடது கால், முகத்தின் இடது பக்கம். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் நான் வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நீதான். ஃப்ளாஸ்க்கில் பார்லித் தண்ணீர் கொண்டு வந்திருந்தாய். கேமரா கொண்டு வரவில்லை.

"அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"குடி முதல்ல," என்றாய்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. நீ கேட்க விடவும் இல்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெட்டியில் குறை இருந்தது. உன்னை அப்படிச் சொன்னது என் தவறு.

கை கால் ஓரளவு திரும்பி வந்தன. முகம் வரவில்லை. வாயின் ஓரம் இறங்கியே நின்றது. அவர் கண்ணாடி பார்ப்பதை விட்டார். முகம் மழிக்க என்னைக் கூப்பிட்டார். ஃபோனை யாராவது தூக்கினால் எழுந்து அறைக்குள் போய்விடுவார். கவிதாவின் கல்யாணம் நெருங்க நெருங்க அவர் பேச்சு குறைந்தது. ஒரு வாரம் இருக்கும்போது தம்பியைக் கூப்பிட்டு, "நீ தார வாத்துக் குடு," என்று சொல்லிவிட்டார். பெற்ற தகப்பன் உயிரோடு இருக்க, சித்தப்பா தாரை வார்ப்பதா என்று கவிதா அழுதாள். அவர் அசையவில்லை.

கல்யாணம் உலு திராமில், ஒரு மண்டபத்தில். நிச்சயதார்த்தத்தில் பட்டதற்குப் பிறகு நான் முறைப்படி படமெடுக்கும் ஆட்களை வைத்திருந்தேன். மூன்று பேர், இரண்டு பெரிய விளக்கு, மேடைக்கு எதிரே பெரிய திரை. எடுக்கிறதெல்லாம் அப்படியே திரையில் தெரியும். நீ விருந்தாளியாகத்தான் வந்தாய், பச்சைப் புடவையில். தோளில் கேமரா தொங்கியது. எனக்குச் சுருக்கென்றது.

முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் அவரைத் தேடினேன். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில், பட்டு வேட்டியும் ஜிப்பாவும் உடுத்தி, ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் திரையில என் மூஞ்சி அவ்வளவு பெருசா தெரியும்," என்றார். "நான் கதவுகிட்ட நின்னு பாத்துக்கறேன். விடு."

நான் கெஞ்சினேன். திட்டினேன். பிறகு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாய். கதவு பாதி திறந்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன்.

"அண்ணே, ஒரு படம் எடுக்கலாமா?" என்றாய்.

"வேணாம்மா. மூஞ்சி கோணிக்கிட்டு கெடக்கு."

"தெரியுது அண்ணே."

அவர் திரும்பி உன்னைப் பார்த்தார். அதுவரை யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. நான் உட்பட எல்லாரும் "அதெல்லாம் ஒண்ணுமே தெரியல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"தெரிஞ்சும் எதுக்கு எடுக்கற?"

"எனக்கு வேணும். திரையில வராது. இதுல வீடியோ கெடையாது, வயரும் கெடையாது. நீங்க வேணாம்னு சொன்னா அழிச்சிடுவேன்."

அவர் ஜிப்பாவின் கழுத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "சரி, ஒண்ணு," என்றார்.

நீ கேமராவைத் தூக்கினாய். அதன் ஜன்னல் ஓரமூலையில் இருப்பதால் உன் முகத்தில் பாதி மறையவே இல்லை. வலது கண் ஜன்னலில், இடது கண் திறந்து அவரையே பார்த்துக்கொண்டு. மற்ற மூவரின் கேமராக்களுக்குப் பின்னால் முகமே இருக்காது. அவர் உன் அந்தக் கண்ணைப் பார்த்தார். வளையத்தைத் திருப்பினாய். டிக். இன்னும் கொஞ்சம் திருப்பினாய். டிக். ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடியும், டிக்.

"ஏம்மா," என்றார் அவர். சொற்கள் அவருக்கு அப்போது மெதுவாகத்தான் வரும். "மூடி."

"என்னண்ணே?"

"மூடி... கழட்டல."

நீ கேமராவைத் திருப்பிப் பார்த்தாய். லென்ஸ் மூடி கச்சிதமாக மாட்டியபடி இருந்தது.

"அய்யோ! மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"ஒண்ணுதான் எடுக்கறேன்ன. மூணு எடுத்த. எத்தன வரைக்கும் போவேன்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஸ்ட்ரோக் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்த முதல் தடவை. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, வாய் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகச் சிரித்தார். நீ மூடியைப் பிடுங்கிப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தாய்.

பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து காட்டினாய். நீண்ட நேரம் பார்த்தார்.

"கோணலாத்தான் இருக்கு," என்றார்.

"ஆமாண்ணே."

"ம்." இன்னும் பார்த்தார். "சிரிச்சா அந்தப் பக்கம் போவுது."

"ஆமா. அழிச்சிடவா?"

"வேணாம். இருக்கட்டும்."

அவர் எழுந்தார். என்னைக் கடந்து போகும்போது, "தம்பிகிட்ட சொல்லிடு, நானே செய்யறேன்," என்றார். அந்தப் பெரிய திரையில் அவர் முகம் முழுதாகத் தெரிய, இறங்கிய வாயோடும் நடுங்கிய இடது கையோடும் கவிதாவைத் தாரை வார்த்துக் கொடுத்தார். அந்த மூன்று பேரும் அதை நன்றாகவே எடுத்திருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீ எடுத்த படத்தில்தான் குறை. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். தொழில் புத்தி போகுமா? ஃபோகஸ் கண்ணில் இல்லை, ஜிப்பாவின் இரண்டாவது பித்தானில் இருந்தது. முகம் சற்றே மங்கல். "கொஞ்சம் ஷார்ப்பா இல்லம்மா," என்று கவிதாவும் சொன்னாள். உன்னிடம் சொன்னதும் நீ ஒப்புக்கொண்டாய். ஜன்னலில் இரண்டை ஒன்றாக்கும் அந்த அளவுக்கருவியே லேசாக விலகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. பழுது பார்க்கச் சிங்கப்பூருக்கு அனுப்பி, இரண்டு மாதம் கேமரா இல்லாமல் இருந்தாய். ஒன்பதாவது குறை என்று நானே பட்டியலில் சேர்த்தேன்.

ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, கூடத்தில் மாட்டினேன். மாட்டுவதற்கு முன் பின்பக்கத்தில் என் ஆலைக் கையெழுத்தில் எழுதினேன்: "குறை: முகம் மங்கல். முடிவு: அப்படியே வைத்துக்கொள்ளலாம்." கீழே கையெழுத்தும் போட்டேன். நீ அதைப் படித்துவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாய்.

அந்தப் படத்திலிருந்துதான் தம்போய் தெரப்பி சென்டர் வேலை தொடங்கியது. அவர் வாரா வாரம் அங்கே கை கால் பயிற்சிக்குப் போவார். ஃபோனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டினார். "கோணல் மூஞ்சி அழகன்" என்று தன்னையே சொல்லிக்கொண்டார். ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன்னையும் எடுக்க முடியுமா என்று கேட்டார். பிறகு ஒரு சீனத்து ஆசிரியை. புதன்கிழமைதோறும் நீ போக ஆரம்பித்தாய். என்னையும் பை தூக்கக் கூட்டிக்கொண்டு போனாய். ஒருவரை எடுக்க உனக்கு அரை மணி நேரம் ஆகும். அதில் இருபத்தைந்து நிமிடம் பேச்சு. சென்டரின் தாழ்வாரச் சுவரில் படங்கள் ஏறிக்கொண்டே போயின. யாருக்கும் நீ முகத்தைத் திருத்திக் கொடுத்ததில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஒருவர் மட்டும் உனக்குக் கடைசிவரை இசையவில்லை. கமலா அக்கா. பள்ளிக்கூட கேண்டீனில் நாசி லெமாக் சோறு விற்றவர், வாய் இழுத்துக்கொண்ட பிறகு எப்போதும் முந்தானையால் மூடிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு புதனும் நீ போய், "அக்கா, இன்னிக்கு எடுக்கலாமா?" என்பாய். "வேணாம்மா," என்பார். "சரிக்கா," என்று சொல்லிவிட்டு, அவர் பேரன் பேத்தி கதையைக் கேட்டுவிட்டு வருவாய். ஒருநாள் நான், "மறைஞ்சி நின்னு எடுத்துடேன், இதுலதான் சத்தம் பெருசா வராதே," என்றேன். நீ என்னை முறைத்தாய். "அதுக்கா இவ்வளவு விலை குடுத்து வாங்கினேன்?" என்றாய். அதோடு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது ஏற்கெனவே பரவியிருந்தது. நீ அதை எனக்குச் சொன்ன விதம்கூட லைனில் உற்பத்தி எண்ணிக்கை சொல்கிற மாதிரிதான். கடைசி வாரங்களில் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு மூடிய வேணும்னேதானே கழட்டாம விட்ட? அவரச் சிரிக்க வைக்க?"

நீ சிரித்து, வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். "அவ்வளவு கெட்டிக்காரின்னா நிச்சயதார்த்தத்தையே ஒழுங்கா எடுத்திருப்பேனே! மறந்துட்டேன் லா."

உன்னைப் பற்றி நான் யாரிடம் சொன்னாலும் இதையும் சேர்த்தே சொல்கிறேன். சொல்லாவிட்டால் அது பொய்யாகிவிடும்.

அன்றுதான் கேமராவைக் கொடுத்தாய். பட்டையைச் சுருட்டி என் மடியில் வைத்தாய்.

"எனக்கு எதுக்கு? நான் ஒம்போது குறை எழுதினவ," என்றேன்.

"அதனாலதான். புடிச்சவங்ககிட்ட குடுத்தா அலமாரியில வச்சுப் பூஜ பண்ணுவாங்க. நீ ஒரு மாசம் வச்சுப் பாரு. வேணாம்னா வித்துடு. நான் வந்து கேக்க மாட்டேன்."

உன் அடக்கத்தன்று தேவாலயத்தில் வைத்தது அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். திருட்டு வழக்கில் பிடிபட்டவள் மாதிரி இருந்தாய். நீ பார்த்திருந்தால் சண்டை போட்டிருப்பாய். நீ தனியாக இருக்கும் வேறு படம் ஒருவரிடமும் இல்லை. அத்தனை புதன்கிழமைகளில் ஒரு தடவையாவது கேமராவை உன் கையிலிருந்து வாங்கி உன்னை எடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கு வேவர் போட நான் தயாராக இல்லை.

ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். முதல் வாரம் கறுப்புக் கறுப்பாகப் பதினோரு படம். எல்லாம் மூடியோடு. இரண்டாவது வாரம் யாருடைய முகமும் தெளிவாக இல்லை. மூன்றாவது வாரம் அதே மலாய்க்காரப் பெரியவரை எடுத்தேன். ஜன்னலில் இரண்டாகத் தெரிந்தவர் ஒன்றாகிச் சேர்ந்த அந்த நொடியில், விரலை அழுத்துவது நான் என்பது முதன்முதலாகக் கையில் உறைத்தது. நீ ஃபோனைப் பற்றிச் சொன்னது அன்றுதான் எனக்குப் புரிந்தது. விற்கவில்லை.

இப்போது என்னிடமும் கேட்கிறார்கள், இது இந்த விலைக்குத் தகுமா என்று. இணையத்தில் இந்தக் கேமராவைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். குறைகளே அதன் அழகு என்பார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. உறைந்துபோவது உறைந்துபோவதுதான். அதில் அழகு ஒன்றும் கிடையாது. என் மகளின் மோதிரப் படத்தில் யாரோ ஒருவரின் தோள் இருக்கிறது. கல்யாணம் எடுப்பவருக்கு இது வேண்டாம், ஓடுகிற குழந்தையை எடுப்பவருக்கு வேண்டாம், அவசரக்காரருக்கு வேண்டவே வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுவேன். "அப்ப உங்களுக்கு?" என்று கேட்டால், "எனக்குத் தகும்," என்பேன். ஒருவர் முகத்துக்கு முன்னால் என் முகத்தையும் வைத்துக்கொண்டு, அவர் சம்மதிக்கிற வரை நிற்பதற்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. பட்டியலில் அந்த ஒரு வரியை நான் எழுதாமல் விட்டிருந்தேன். குறையை எழுதியே பழகிய கை.

கமலா அக்கா, நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பத்து பகாட் ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போன மாதம்தான் திரும்பி வந்து சென்டரில் சேர்ந்தார். முதல் புதன் கேட்டேன், வேண்டாம் என்றார். இரண்டாவது புதனும் கேட்டேன். கேட்பதையும், இல்லை என்றால் முகம் மாறாமல் அடுத்த வாரம் வருவதையும் உன்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். இப்போது அது என் வழக்கமாகவே ஆகிவிட்டது.

நேற்றுப் புதன். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவராகவே வந்து நாற்காலியை வெளிச்சம் விழுகிற பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார்.

"எங்க அந்தப் பொண்ணு? ரெண்டு வாரமா பாக்கறேன், வரலியே?" என்றார்.

சொன்னேன். எப்போது, எப்படி என்று கேட்டார். அதையும் சொன்னேன். தாழ்வாரத்துச் சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எத்தனை வாரம் கேட்டுச்சு என்னை," என்றார். "ஒரு தடவகூட மூஞ்சத் தூக்கல."

பிறகு வாயை மூடியிருந்த முந்தானையைத் தானே இறக்கி, மடியில் விட்டார். "எடு," என்றார்.

நான் அவசரப்படவில்லை. ஒரு படம்தான் எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். படத்தைக் கிட்டே இழுத்து, தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே இழுத்துப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட காட்டிடு," என்றார்.

"அக்கா, இப்பதானே சொன்னேன், அவ..."

"தெரியும்மா. காது நல்லாத்தான் கேக்குது. இருந்தாலும் காட்டிடு."

இன்று மத்தியானம் அச்சுப் போட்டு வாங்கி வந்தேன். இந்த மடலோடு வைத்திருக்கிறேன், பார். கண்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்தே பார்த்துவிட்டேன்.